டர்னிப்பா, ரையா, குளோவரா: மானுக்கு எதை விதைப்பது?

போன வருஷம் ஜூன் மாதம் சித்தி மகன் போன் செய்தான். மிச்சிகனில் நோவை பக்கம் வீடு, கார் கம்பெனியில் வேலை, இரண்டு வருஷமாக மான் வேட்டைக் கிறுக்கு. கிளேர் கவுண்டியில் 20 ஏக்கர் காடு வாங்கியிருக்கிறான், நடுவில் அரை ஏக்கர் போல வெட்டவெளியாகக் கிடக்கிறது, அதில் மானுக்காக டர்னிப் விதைக்கப் போகிறான். "விதைப் பை ஆர்டர் பண்ணிட்டேன்ணா, சரியா பண்றேனான்னு மட்டும் சொல்லுங்க" என்றான். வாங்கிய பிறகு யோசனை கேட்பது எங்கள் குடும்பத்து வழக்கம், அதனால் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "நீ பரண்ல எந்தெந்த வாரம் உட்காரப் போற?"

நவம்பர் 15 துப்பாக்கி சீசன் முதல் நாள், அதற்கு லீவு போட்டாயிற்று. அக்டோபரில் இரண்டு மூன்று சனி ஞாயிறு, வில்லோடு. முடிந்தால் தேங்க்ஸ்கிவிங் வாரம். டிசம்பர்? "டிசம்பர்ல மதுரை போறோம்ணா, டிக்கெட் போட்டாச்சு."

அப்படியென்றால் டர்னிப் உனக்குச் சரிப்படாது என்றேன்.

அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசியதை, இதே கேள்வியோடு வருகிறவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதி வைக்கிறேன். நான் ஒன்றும் பெரிய விவசாயி இல்லை; எட்டு வருஷமாக நண்பர் ஒருவருடைய நிலத்தில் மண்ணைக் கிண்டி, பாதி வருஷம் சொதப்பி, அந்தச் சொதப்பலில் கற்றுக்கொண்டதுதான் இவ்வளவும்.

தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. ஃபுட் பிளாட் என்று சொன்னதும் ஊரில் இருக்கிற அம்மா, பிள்ளை மனை வாங்கிவிட்டான் என்று நினைத்துவிட்டார். இது வேறு. காட்டு ஓரத்தில் கால் ஏக்கரோ ஒரு ஏக்கரோ சுத்தம் செய்து, மான் வந்து மேய்வதற்கென்றே பயிர் வைப்பது. திண்டுக்கல் பக்கம் எங்கள் மாமா கடலைக் காட்டுக்குப் பன்றி வராமல் இருக்கப் பழைய சேலைகளைச் சுற்றிலும் வேலியாகக் கட்டி வைத்திருப்பார். மான் வரட்டும் என்று காசு கொடுத்து உரம் போட்டு விதைக்கிறோம் என்று அவரிடம் சொன்னால் என் மூளையைப் பற்றித்தான் விசாரிக்கிறார். அங்கே மானைத் தொட்டால் 1972 வனவிலங்குச் சட்டத்தில் உள்ளே போக வேண்டியதுதான். இங்கே வெள்ளைவால் மான் அவ்வளவு பெருத்துக் கிடக்கிறது, மிச்சிகன் சாலைகளில் மட்டும் வருஷத்துக்கு 50,000 தடவைக்கு மேல் கார்கள் மான் மீது மோதுகின்றன. எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க மாநிலம் நம்பியிருப்பதே லைசென்ஸ் எடுத்து வேட்டைக்குப் போகிறவர்களைத்தான்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். மக்காச்சோளத்தையும் கேரட்டையும் மூட்டையாக வாங்கிக் குவித்து வைத்துவிட்டு மேலே காத்திருப்பதற்கு இங்கே பெய்ட்டிங் என்று பேர். மிச்சிகனின் கீழ்த் தீபகற்பத்தில் 2019 ஜனவரி 31 முதல் அதற்குத் தடை வந்தது. காரணம், மானின் மூளையை அரித்துக் கொல்கிற சி.டபிள்யூ.டி. என்ற நோய், 2015இல் இந்த மாநிலத்துக் காட்டு மானில் முதல் தடவை அது தெரிந்தது. ஒரே குவியலில் பத்து மான் மூக்கை வைத்தால் எச்சில் வழியாகப் பரவிவிடும். மண்ணில் வேர் விட்டு நிற்கிற பயிர் அந்தக் கணக்கில் வராது, அதனால்தான் தீவனப் பாத்திக்கு இவ்வளவு மவுசு. ஆனாலும் விதி அவ்வப்போது மாறுகிற சமாச்சாரம், அந்தந்த வருஷத்து வேட்டை விதிப் புத்தகத்தைப் பார்க்காமல் யார் பேச்சையும் (என் பேச்சையும் சேர்த்துத்தான்) நம்ப வேண்டாம்.

சரி, டர்னிப்.

நம் ஊர் நூக்கோல் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நூக்கோலில் தண்டு மண்ணுக்கு மேலே உருண்டு நிற்கும். டர்னிப் கிட்டத்தட்ட முள்ளங்கி மாதிரி, பாதி மண்ணுக்குள், பாதி வெளியே. வடக்கே ஷல்கம் என்பார்கள். மானுக்கு விதைக்கிறவர்கள் பெரும்பாலும் வாங்குவது பர்ப்பிள் டாப் என்ற பழைய ரகம். மண்ணுக்குள் இருக்கிற பாகம் வெள்ளையாகவும், வெயில் படுகிற மேல்பாகம் கத்தரிக்காய் நிறமாகவும் இருக்கும், பார்க்க அழகான காய். விதை கடுகேதான், குடும்பமும் கடுகுக் குடும்பம்தான்.

கடுகுக் குடும்பம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கடுகின் நெடிக்குக் காரணமான அதே கந்தகச் சத்து டர்னிப் இலையிலும் உண்டு. செப்டம்பரில் இலை முழங்கால் உயரம் வளர்ந்து, தளதளவென்று, படம் எடுத்து மாட்டி வைக்கலாம் போல இருக்கும், மானோ அதைத் தாண்டிப் போய்ப் புல்லைக் கடிக்கும். அப்புறம் நல்ல உறைபனி நாலைந்து இரவு விழ வேண்டும். உறைந்து சாகாமல் இருக்கச் செடி தன்னிடம் இருக்கிற மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும், இலை இனிக்க ஆரம்பிக்கும். அதற்குப் பிறகுதான் மான் திரும்பிப் பார்க்கும். மிச்சிகன் நடுப்பகுதியில் லேசான பனி செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதலிலேயே வந்துவிடும், ஆனால் செடியை இனிக்க வைக்கிற அளவுக்குத் தொடர்ந்து கடுங்குளிர் விழ அக்டோபர் கடைசி, நவம்பர் ஆகிவிடும். இலையை முடித்துவிட்டுக் கிழங்குக்கு வருவதற்குள் டிசம்பர். சில இடங்களில் மானுக்கு இது பழகுவதற்கே ஒன்றிரண்டு வருஷம் பிடிக்கிறது. பக்கத்து நிலத்துப் பெரியவர் ஒருவர், முதல் வருஷம் ஒரு இலைகூடக் கடிபடாமல் மொத்தமும் அழுகி, மார்ச்சில் பனி உருகியபோது அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம் ரோடு வரை வந்தது என்று சொன்னார். அடுத்த வருஷமும் பிடிவாதமாக அதையே போட்டார், அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குள் தரை துடைத்த மாதிரி ஆகிவிட்டதாம்.

டிசம்பரில் அதற்கு ஈடு இல்லை, அதையும் சொல்ல வேண்டும். சுற்றுவட்டாரத்துச் சோளமும் சோயாவும் அறுவடை முடிந்து வயல்கள் வெறிச்சென்று கிடக்கும், குளோவர் பனிக்கு அடியில் தூங்கப் போயிருக்கும், அக்டோபரில் விழுந்த ஓக் கொட்டைகள் தீர்ந்திருக்கும். அந்த நேரத்தில் பனிக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு நிற்கிற கிழங்கு மானுக்கு விருந்து. ஒரு தடவை டிசம்பர் கடைசியில் போய்ப் பார்த்தேன். பனியில் குளம்படி, முன்னங்காலால் கிளறிய பள்ளங்கள், ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு டர்னிப். மானுக்கு மேல் தாடையில் முன்பற்கள் கிடையாது, அதனால் நம்மை மாதிரி ஒரு கடி கடித்து எடுக்க முடியாது. கீழ்ப்பல்லால் சுரண்டிச் சுரண்டித் தின்னும். நான் பார்த்த கிழங்குகள் உள்பக்கம் காலியாகி, தேங்காய் துருவி முடித்த தொட்டி மாதிரி மண்ணில் உட்கார்ந்திருந்தன. முயல் கடித்திருந்தால் கத்தியால் நறுக்கின மாதிரி வெட்டு இருக்கும், மான் கடித்த இடம் பிய்ந்து தெரியும். இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் மான் தின்றது என்று நாம் சந்தோஷப்படுகிற பாதி இலை முயல் தின்றதாக இருக்கும்.

ஆக, டர்னிப் டிசம்பர்க்காரர்களுக்கு. குழலின் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் திணித்துச் சுடுகிற பழைய பாணித் துப்பாக்கிக்கென்று (மஸில்லோடர்) டிசம்பரில் இருக்கிற தனி சீசனுக்குப் போகிறவர்கள், டிசம்பர் 1 முதல் ஜனவரி 1 வரை மறுபடி திறக்கிற வில் சீசனில் குளிரில் நடுங்கிக்கொண்டு உட்காரத் தயாராக இருக்கிறவர்கள், அவர்களுக்கு இதைவிட நல்ல பயிர் விலைக்குள் கிடைக்காது. மதுரையில் ஜிகர்தண்டா குடித்துக்கொண்டிருக்கப் போகிறவனுக்கு எதற்கு?

வேலையும் கொஞ்சநஞ்சம் இல்லை. ஜூலை 20இலிருந்து ஆகஸ்ட் 10க்குள் விதைத்தாக வேண்டும், கிழங்கு உருள 60, 70 நாள் வேண்டும். அதற்கு இரண்டு வாரம் முன்னால் களைக்கொல்லி அடித்து, புல் செத்த பிறகு உழுது, மண்ணைப் பொலபொலவென்று ஆக்கி, மேலாகத் தூவி, உருளை ஓட்டி அழுத்த வேண்டும். கால் அங்குலம், மிஞ்சிப்போனால் அரை அங்குலம், அதற்குக் கீழே போனால் முளைக்காது. மழைக்கு முந்தின நாள் விதைத்தவன் புத்திசாலி, மழை வரும் என்று நம்பி விதைத்துவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் வானிலை ஆப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அப்புறம் உரம். டர்னிப் நைட்ரஜன் தின்னி. ஏக்கருக்கு 300 பவுண்டு 19-19-19 என்பது இங்கே சொல்கிற கணக்கு, அரை ஏக்கருக்கு 50 பவுண்டு மூட்டை மூன்று. செடி ஒரு ஜாண் வந்ததும் மேலே கொஞ்சம் யூரியா.

எல்லாவற்றுக்கும் முன்னால் மண் பரிசோதனை. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவு தபாலில் அனுப்பிப் பார்க்கிற பை தருகிறது, அதை வாங்கி மண்ணைப் போட்டு அனுப்பினால் ரிப்போர்ட் வந்துவிடும். டர்னிப்புக்கு பிஎச் 6க்கு மேல் வேண்டும். வடக்கே போகப் போக மணல் மண், அமில மண், 5.5க்குக் கீழேகூட இருக்கும். அதைச் சரி செய்ய ஏக்கருக்கு ஒரு டன், இரண்டு டன் சுண்ணாம்பு கேட்கும். அரை ஏக்கருக்கு அரை டன் என்றே வைத்துக்கொண்டாலும் 40 பவுண்டு மூட்டை 25. டிரக்கில் ஏற்றி, இறக்கி, காட்டுக்குள் தூக்கிப்போய்க் கொட்டிப் பரப்பிவிட்டு மறுநாள் ஆபீஸ் போய்ப் பாருங்கள். அதுவும் உடனே வேலை செய்யாது, ஆறு மாதமாவது பிடிக்கும், ஆக இந்த ஆகஸ்டுக்குப் போன இலையுதிர் காலத்திலேயே போட்டிருக்க வேண்டும்.

என் முதல் டர்னிப் கதையையும் சொல்லிவிடுகிறேன். பையில் ஏக்கருக்கு 5 பவுண்டு என்று போட்டிருந்தது. என்னிடம் இருந்தது கால் ஏக்கர், அதாவது ஒன்றேகால் பவுண்டு போதும். உள்ளங்கையில் அந்தத் துளியூண்டு விதையைப் பார்த்ததும் இது எந்த மூலைக்குப் போதும் என்று தோன்றிவிட்டது, மூன்று பவுண்டையும் தூவிவிட்டேன். முளைத்து வந்தபோது கீரைப் பாத்தி மாதிரி அடர்த்தியாக, அக்கம்பக்கத்தார் வந்து பார்க்கிற அளவுக்கு இருந்தது. செப்டம்பர் கடைசியில் ஒன்றைப் பிடுங்கினால் கோலிக்குண்டு. இன்னொன்று, அதுவும் கோலிக்குண்டு. இலையெல்லாம் மஞ்சள், போட்ட நைட்ரஜன் அத்தனை செடிக்கும் பங்கு பிரிந்து யாருக்கும் போதவில்லை. ஊருக்குப் போன் செய்தபோது பாட்டி கேட்டார்: "எள்ளு விதைக்கறப்ப மணல் கலந்துதானப்பா விதைப்போம், அது தெரியாதா உனக்கு?" தெரியும், சின்ன வயசில் கண்ணால் பார்த்திருக்கிறேன், அமெரிக்காவில் அது ஞாபகம் வரவில்லை. இப்போது ஒரு பங்கு விதைக்குப் பத்துப் பங்கு காய்ந்த மணல் கலந்து, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தடவை நடந்து தூவுகிறேன். மணல் வெள்ளையாகத் தெரிவதால் எங்கே தூவினோம் என்பதும் தெரிகிறது.

ரைக்கு இந்தப் பாடு ஒன்றும் கிடையாது.

குளிர்கால ரை என்பது தானியம். கோதுமைக்குத் தம்பி மாதிரி. கடையில் ரை கிராஸ் என்று ஒரு புல் விதை பக்கத்திலேயே வைத்திருப்பார்கள், பேர் ஒற்றுமையில் அதை வாங்கிவிடாதீர்கள், அது புல்தரைக்குப் போடுவது, பிறகு ஒழிக்கவும் முடியாது. ரையை மண் கெட்டுக் கிடந்தாலும் விதைக்கலாம், பிஎச் குறைவாக இருந்தாலும் வரும், உழ டிராக்டர் இல்லாவிட்டால் கையால் தூவி மேலே காய்ந்த புல்லை வெட்டிப் போட்டால்கூட முளைக்கும். பனிக்காலம் நெருங்கி, தண்ணீர் உறையப் போகிற குளிரிலும் முளைக்கிற தானியம் அது. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் பாதியில் விதைத்தால் அக்டோபர் முழுக்க விரல் நீளத்துக்கு இளம்பச்சையாக நிற்கும், மானுக்கு அந்த உயரம்தான் பிடிக்கும். நவம்பரிலும் பச்சை, பனிக்கு அடியிலும் பச்சை, ஏப்ரலில் காட்டில் வேறு ஒன்றும் துளிர்க்காதபோது முதலில் கிளம்புவதும் அதுதான். களையையும் அமுக்கிவிடும். ஒரே தொல்லை, வசந்தத்தில் விட்டுவிட்டால் ஆள் உயரத்துக்கு எழும்பிக் கதிர் வைத்து முற்றிவிடும், அப்புறம் மான் சீண்டாது. மே, ஜூனில் ஒரு வெட்டு வெட்ட வேண்டும்.

ஓட்ஸ் இதைவிட ருசி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விதைத்துப் பார்த்தால் அக்டோபரில் ஓட்ஸ் பக்கம்தான் முதலில் மொட்டையாகும். ஆனால் அதற்கு ஆயுசு குறைவு, வெப்பநிலை 20 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே சில மணி நேரம் போனால் வெளுத்துப் படுத்துவிடும். நடு மிச்சிகனில் பெரும்பாலும் துப்பாக்கி சீசன் தொடங்குகிற சமயம் வரை தாக்குப்பிடிக்கும், சில வருஷம் அதற்கு முன்பே போய்விடும். அதனால் இரண்டையும் பாதிப் பாதி கலந்து போடுவது என் வழக்கம்: அரை ஏக்கருக்கு ஓட்ஸ் 25 பவுண்டு, ரை 25 பவுண்டு. ஓட்ஸ் போனால் ரை நிற்கும். விதையை விவசாயிகள் வாங்குகிற கூட்டுறவுக் கடையில் வாங்குங்கள். பெரிய கொம்பு மான் படம் போட்ட பளபள பையில் அதே ஓட்ஸ் மூன்று மடங்கு விலைக்கு விற்கிறது. மானுக்குப் படிக்கத் தெரியாது, அந்தப் படம் நமக்காகப் போட்டது.

குளோவர் வேறு ரகம். குதிரை மசால் தெரிந்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும், அதன் சொந்தக்காரன், மூன்று இலை. வெள்ளைக் குளோவரை ஒரு தடவை நன்றாகப் பிடிக்க வைத்துவிட்டால் மூன்று முதல் ஐந்து வருஷம் உழாமல் விதைக்காமல் ஓட்டலாம். பயறு வகை என்பதால் நைட்ரஜனைத் தானே தயாரித்துக்கொள்ளும், யூரியா தேவையில்லை. புரதம் 20 சதவீதத்துக்கு மேல், கொம்பு வளர்கிற, குட்டி பால் குடிக்கிற கோடையில் மானுக்கு வேண்டியது அதுதான். டர்னிப் கிழங்கில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரும் சர்க்கரையும், குளிர் தாங்கத் தெம்பு தருமே தவிர உடம்பு வளர்க்காது. ஆனால் குளோவர் முதல் வருஷம் மந்தம். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை வெட்டி விட வேண்டும், புல் ஏறிவிட்டால் போச்சு, பிஎச் விஷயத்தில் டர்னிப்பைப் போலவே கறார். வேட்டையே வேண்டாம், ஜன்னல் வழியாக மானையும் குட்டியையும் பார்த்தால் போதும் என்கிறவர்கள் மேற்கொண்டு படிக்காமல் குளோவர் போட்டுவிடலாம். இதை விதைக்க ஒரு சோம்பேறி வழியும் உண்டு: மார்ச்சில் இரவில் உறைந்து பகலில் உருகுகிற நாட்களில், நிற்கிற ரைக்கு நடுவிலேயே விதையைத் தூவி விட்டால் போதும், மண் வெடித்து மூடி விதையைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

மக்காச்சோளம், சோயா இரண்டையும் அரை ஏக்கர்க்காரர்கள் மறந்துவிடுங்கள். சோயா முளைத்து நாலு இலை விட்டதும் மான் வந்து முடித்துவிட்டுப் போய்விடும், வேலி போட்டால் தவிர சீசன் வரை மிஞ்சாது. சோளத்துக்கு இயந்திரம், உரம், களைக்கொல்லி என்று செலவு எகிறும்.

முள்ளங்கி ஒன்று பாக்கி. டைக்கான் வகை, நாம் சாம்பாருக்குப் போடுகிற அதே நீள வெள்ளை முள்ளங்கிதான். டர்னிப்பின் சொந்தம் என்றாலும் இதன் இலையை மான் பனிக்குக் காத்திராமல் அக்டோபரிலேயே தின்கிறது. ஓட்ஸ் கலவையில் அரை ஏக்கருக்கு ஒன்றிரண்டு பவுண்டு சேர்த்துவிடலாம். கெட்டி மண்ணைக் குடைந்து இளக்கியும் கொடுக்கும். வேரை நானே பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து சாம்பார் வைத்ததுண்டு, கொஞ்சம் நார்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது, அது நம் கையில் இல்லை. ஓக் மரம். வெள்ளை ஓக் நன்றாகக் காய்த்த வருஷம் அக்டோபரில் நீங்கள் பாத்தியில் பிரியாணியே போட்டு வைத்தாலும் மான் காட்டுக்குள்தான் கொட்டை பொறுக்கிக்கொண்டிருக்கும். அப்போது பயிரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை, பரணைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போக வேண்டியதுதான். கம்பி வலையை மூன்றடி அகலத்துக்கு வளைத்துப் பாத்தியில் ஒரு கூண்டு நட்டு வையுங்கள், இருபது முப்பது டாலர் செலவு. கூண்டுக்குள் இருக்கிற செடி உயரத்தையும் வெளியே இருப்பதையும் பார்த்தால் மான் தின்கிறதா இல்லையா என்று சண்டையே வராது. எங்கள் பாத்தியில் ஒரு வருஷம் ரை வளரவே இல்லை என்று நண்பர் புலம்பிக்கொண்டிருந்தார். கூண்டுக்குள் முக்கால் அடி, வெளியே இரண்டு அங்குலம். ராத்திரியில் வந்து தின்றுவிட்டுப் போயிருக்கின்றன.

இனி தம்பி கணக்குக்கு வருவோம். அரை ஏக்கர், மணல் மண், சுண்ணாம்பு இன்னும் போடவில்லை, டிராக்டர் கிடையாது, நாலு சக்கர பைக்குக்குப் பின்னால் இழுக்கிற சின்ன உழுகருவி வாடகைக்கு, வீட்டிலிருந்து இரண்டரை மணி நேரப் பயணம், அதனால் அடிக்கடி போய்ப் பார்க்க முடியாது. வேட்டை அக்டோபரும் நவம்பர் நடுவும். இந்த நிலைமைக்கு ஓட்ஸும் ரையும்தான் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. மார்ச்சில் அதற்குள்ளேயே குளோவர் தூவி விட வேண்டும், அதற்குள் சுண்ணாம்பும் கொஞ்சம் வேலை செய்ய ஆரம்பித்திருக்கும். டிசம்பரிலும் இங்கேயே இருக்கிறவனாக, டிராக்டர் உள்ள நண்பன் பக்கத்தில் இருக்கிறவனாக, மண் 6.5 காட்டுகிறவனாக இருந்திருந்தால் பாதி நிலத்தை டர்னிப்புக்குக் கொடு என்று நானே சொல்லியிருப்பேன். முழு நிலத்தையும் கொடு என்று அப்போதும் சொல்லமாட்டேன், ஏனென்றால் ஒரே இடத்தில் இரண்டு வருஷத்துக்கு மேல் டர்னிப் போட்டால் வேர் முண்டுமுண்டாக வீங்குகிற நோய் மண்ணில் தங்கிவிடும், பாதியைப் பாதியோடு மாற்றி மாற்றிப் போட இடம் வேண்டும்.

"வாங்கின விதையை என்னண்ணா பண்றது?" என்றான். அது நியாயமான கேள்வி. வடக்கு ஓரத்தில், மரநிழல் படாத பக்கம், ஐந்து சென்ட் அளவுக்கு ஒரு பட்டை பிரித்துக்கொள், அதில் மட்டும் நாலு மூட்டை சுண்ணாம்பு போட்டு, மணல் கலந்து தூவிப் பார், மானுக்குப் பழகவும் ஒரு வருஷம் ஆகும் என்றேன். ஐந்து சென்ட் என்றால் கால் பவுண்டு விதை, கையளவு. மீதியை மூடி, காய்ந்த இடத்தில் வை, அடுத்த வருஷத்துக்கு ஆகும்.

அப்படியே செய்தான். நவம்பர் 15 காலை ஓட்ஸ் பக்கம் வந்த நாலில் ஒரு பெண் மான் கிடைத்தது, அதற்கான லைசென்ஸ் தனியாக எடுத்து வைத்திருந்தான். கறியில் ஒரு பங்கு எங்கள் வீட்டுக்கும் வந்தது, மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தோம். டர்னிப் பட்டையில் அன்றைக்கு ஒரு கடிகூட விழவில்லை.

டிசம்பர் கடைசி வாரம் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவனிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. மதுரையில் அப்போது விடியற்காலை மூன்றரை, ஜெட்லாக்கில் தூக்கம் வராமல், பாத்தியில் மாட்டி வைத்திருந்த காமிராவின் ஆப்பைத் திறந்து பார்த்திருக்கிறான். படத்தில் அரையடிப் பனி, ஏழு மான், அதில் ஒன்று எட்டு முனைக் கொம்பு, எல்லாம் அந்த ஐந்து சென்டில் தலையைக் கவிழ்த்துக் கிளறிக்கொண்டு நிற்கின்றன.

கீழே எழுதியிருந்தான்: "அண்ணா, அடுத்த வருஷம் ஊருக்கு டிசம்பர்ல வேண்டாம், மே மாசம் போலாமான்னு இருக்கேன்."

"மதுரைக்கு மே மாசமா? குழந்தைங்களோடவா? முதல்ல வீட்டுல கேளு" என்று பதில் போட்டேன். நீல டிக் விழுந்துவிட்டது, பதில்தான் இன்னும் வரவில்லை.